கரஸ்: கடிதம் எழுதாத கடிதக் கல்வி

சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது படிப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "டிகிரி காலேஜ்ல, எம்.ஏ. கரஸ்ல" என்று பதில் வரும். அந்த 'கரஸ்' என்ற சொல் வரும்போது மட்டும் குரல் ஒரு படி இறங்கும். கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ் என்பதன் வால் வெட்டிய வடிவம் அது. கரஸ்பாண்டன்ஸ் என்றால் கடிதப் போக்குவரத்து. ஒருவர் எழுத, இன்னொருவர் பதில் எழுத, அப்படியே ஒரு பழக்கம் உண்டாவது. நம்மூரில் நடந்த அஞ்சல்வழிக் கல்வியில் இல்லாமல் போனது சரியாக அந்த ஒன்றுதான். தபாலில் ஒரு கட்டுப் பாடப்புத்தகம் வரும். சனி ஞாயிறில் காண்டாக்ட் கிளாஸ் இருக்கும், போகிறவர்கள் போவார்கள். அப்புறம் பரிட்சை. பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம், அவர் பதில் போடுவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி யாரும் வைக்கவும் இல்லை.

இந்தியாவில் இந்த முறை 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் கையில் எடுத்தது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர், பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர், அச்சாபீஸில் பிழை திருத்தியவர், கல்யாணமாகி வந்த வீட்டில் அடுப்படியில் புத்தகம் வைத்துப் படித்தவர் என்று எத்தனையோ பேரை அது பட்டதாரிகள் ஆக்கியது. அந்தப் பெருமையைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் குரல் ஏன் இறங்குகிறது என்ற கேள்வி இருக்கிறது. பட்டத்தின் தரம் பற்றிய சந்தேகம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "உங்க சார் யாரு?", "உங்க செட்ல யாரெல்லாம்?" என்ற இரண்டு கேள்விக்கும் கரஸில் படித்தவரிடம் பதில் கிடையாது. ஆள் இல்லாத படிப்பு அது.

இப்போது கரஸ் போய் ஆன்லைன் வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. காகிதத்தில் சமம். ஆனால் சாத்தூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆன்லைனில் எம்.சி.ஏ. படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். அவளிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டால் என்ன சொல்வாள்? அவளுடைய வகுப்பு திரையில் வரிசையாக நிற்கும் கறுப்புக் கட்டங்கள். உள்ளே பெயரின் முதல் எழுத்து. இந்தப் பிரச்சினையை வேலைவாய்ப்பு ஆலோசகர்கள் 'நெட்வொர்க்கிங்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, பத்து வழிமுறைகள் கொடுத்துவிடுவார்கள். அதைவிட ஆழமாக இதை யோசித்த எழுத்து இதே மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

*

வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த இடம், பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரும் பெரியவர். சின்னப் பெண்ணுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. அண்ணன்தான் அதில் இருக்கும் தீண்டாமையை விளக்கிச் சொல்கிறார். சொல்லிவிட்டு ஒரு யோசனையும் தருகிறார்: இதையெல்லாம் தூக்கி எறிய வேண்டுமானால் படிக்க வேண்டும், வகுப்பில் முதலாவதாக நின்றால் ஆட்கள் தாங்களாகவே நம்மிடம் வந்து ஒட்டிக்கொள்வார்கள். தங்கை அப்படியே படிக்கிறாள், முதலாவதாக வருகிறாள், நிறையப் பேர் சிநேகிதம் ஆகிறார்கள்.

பள்ளிப் பாடப்புத்தகம் வரை போய்ச் சேர்ந்த பகுதி இது. பெரும்பாலும் இதைக் கல்வியின் மேன்மை பற்றிய பாடமாகவே படிக்கிறார்கள். நான் அதை ஆட்களைச் சேர்ப்பது பற்றிய கோட்பாடாகப் படிக்கிறேன். அண்ணன் சொல்வது 'படித்தால் வேலை கிடைக்கும்' என்று அல்ல. 'படித்தால் ஆள் கிடைக்கும்' என்கிறார். சொந்தபந்தம், சொத்து, சாதிச் செல்வாக்கு எதுவும் இல்லாதவர்கள் முன்பின் தெரியாதவரைத் தன் பக்கம் வரவழைக்க இருக்கும் ஒரே பொருள் மதிப்பெண் என்பது அவருடைய கணக்கு. அந்த அண்ணன்தான் பின்னால் பெரிய விமர்சகரான ராஜ் கௌதமன் என்பதால், இதைச் சும்மா ஒரு அறிவுரையாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தக் கணக்கில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. மதிப்பெண்ணை மற்றவர்கள் பார்க்க வேண்டும். ஆசிரியர் வகுப்பில் விடைத்தாளைக் கொடுக்கும்போது, பெயரைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அப்போதுதான் பின்பெஞ்சில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள், இடைவேளையில் கணக்குக் கேட்டு வருவாள். வகுப்பறை என்ற நான்கு சுவர் அங்கே வேலை செய்கிறது. ஆன்லைன் பட்டப்படிப்பில் மதிப்பெண் எப்படி வருகிறது? கடவுச்சொல் போட்டு உள்ளே போனால் உங்களுக்கு மட்டும் தெரிகிறது. நீங்கள் முதலாவதாக வந்திருக்கலாம். திரும்பிப் பார்க்க எவருமில்லை.

இதற்கு நேர்மாறான பக்கமும் அதே புத்தகத்தில் உண்டு, அதனால்தான் விஷயம் சுலபமாக இல்லை. பக்கத்து ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துவிட்டு நடந்து வரும் அண்ணனை ஒருவர் நிறுத்திப் பெயர் கேட்கிறார். பெயரில் பிடி கிடைக்கவில்லை. உடனே எந்தத் தெரு என்று கேட்கிறார். இந்த ஊர்களில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. கல்லூரிக் காலத்து விருந்து ஒன்றுக்கு உடுத்த நல்ல சேலை இல்லாமல் குளியலறையில் ஒளிந்துகொண்ட அனுபவத்தையும் பாமா எழுதியிருக்கிறார். நேரடி வகுப்பு, விடுதி, விருந்து என்று நாம் ஏக்கத்தோடு பேசும் கேம்பஸ் எல்லோருக்கும் ஒரே கேம்பஸாக இருந்ததில்லை. ஆன்லைன் வகுப்பில் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கேமராவை அணைத்து வைத்தால் சேலையும் தெரியாது, பின்னால் இருக்கும் சுவரும் தெரியாது. இழிவைக் கண்ணில் படாமல் வைக்கும் அதே திரை, முதலிடத்தையும் கண்ணில் படாமல் வைக்கிறது. சாத்தூர்ப் பெண்ணின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'கேமராவை ஆன் பண்ணுங்க, உங்களை வெளிப்படுத்துங்க' என்று சொல்லும் ஆலோசகருக்கு இது தெரியாது.

ராஜ் கௌதமன் தன் பங்குக்கு 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) அண்ணனின் கணக்கைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. சிலுவைராஜ் படிக்கிறான், கல்லூரி போகிறான், பட்டம் வாங்குகிறான். ஆட்கள் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. படிப்பு ஒரு பக்கம், அதை வேலையாக மாற்றித் தரும் ஆட்கள் இன்னொரு பக்கம். கடைசியில் கிறிஸ்தவனாக இருப்பதால் கிடைக்காத சலுகைக்காக மதம் மாறுவதில் போய் முடிகிறது நாவல். அது பகடியாக எழுதப்பட்டிருப்பதால் நாம் சிரித்துக்கொண்டே படித்துவிடுகிறோம். அண்ணன் தங்கைக்குச் சொன்ன வாக்கின் மறுபாதி அந்த நாவல். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தவர்கள் குறைவு.

*

சிவகாசிக்கு ஆள் பழக்கத்தின் விலை நன்றாகவே தெரியும். ஊரின் தொழில் வரலாறு அப்படித்தான் தொடங்குகிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். எட்டு மாதம் அங்கே இருந்து, தொழிலைக் கற்று, திரும்பி வந்து ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பட்டாசு, காலண்டர், லேபிள் என்று ஊர் வளர்ந்திருப்பதற்கு அதுதான் முதல் குச்சி. மருந்துக் கலவையின் சூத்திரத்தைத் தபாலில் வரவழைத்திருக்கலாம். எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம், கை எங்கே நிற்க வேண்டும் என்பது தபாலில் வராது. அதோடு கல்கத்தாவில் யாரிடம் மூலப்பொருள் வாங்குவது, யார் கடன் கொடுப்பார் என்பதும் தபாலில் வராது.

இவர்கள் போக முடிந்ததற்கும் பின்னணி உண்டு. உறவின்முறை, மகமை, பேட்டை என்று வியாபாரத்துக்கான நம்பிக்கை வலை ஒன்றை நாடார்கள் அதற்கு முன்பே கட்டியிருந்தார்கள். விருதுநகரில், அன்றைய விருதுப்பட்டியில், 1889இல் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியை வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்தினார்கள். பத்து வருஷம் கழித்து 1899இல் சிவகாசிக் கலவரம். ஒதுக்கப்பட்டவர்கள் தற்காப்புக்காகக் கட்டிய வலை அது என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அதே சமயம், வலைக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் உண்டு. கம்பெனி ஆபீஸில் வேலை கேட்டுப் போனால் முதலில் கேட்கும் "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி உள்ளே இருப்பவருக்குக் கதவு, வெளியே இருப்பவருக்குச் சுவர். பாமாவின் 'சங்கதி'யில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் சின்னப் பெண் மைக்கண்ணி, இதே தொழிலின் மறு ஓரத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கல்கத்தா இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்தான் இருந்தது.

ஆகவே என் கேள்வியை இப்படிச் சுருக்கலாம்: உறவின்முறையும் இல்லாமல், வகுப்பறையும் இல்லாமல், ஒருவர் தூரத்தில் இருந்தபடியே தன் துறை ஆட்களை எப்படிச் சம்பாதிப்பது? அதற்கு உலகம் அறிந்த ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. அதை நாம் தப்பாகவே சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

*

1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கழக குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச்.ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன் கடிதம். 'தெரியாத ஒருவருக்கு எழுதிய ஒரே கடிதத்தால் வாழ்க்கை மாறியது' என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கடிதத்தை அதன் எழுத்துக்காகப் படித்தவர்கள் எத்தனை பேர்?

ஆரம்பம் நாம் எதிர்பார்ப்பது போலவே இருக்கிறது. தான் ஒரு குமாஸ்தா, சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, வேலை நேரம் போக மீதி நேரத்தில் கணிதம் செய்கிறேன். வயது ஏறக்குறைய 23 என்று எழுதுகிறார். உண்மையில் அப்போது அவருக்கு 25. இந்தச் சுயவிவரம் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கடிதம் தொடங்குகிறது. ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் பெயரைச் சொல்லி, அதன் 36ஆம் பக்கத்தைச் சொல்லி, அங்கே நீங்கள் பகா எண்களின் எண்ணிக்கைக்குத் திட்டமான கோவை எதுவும் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். பின்னால் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூறுக்கும் மேல்.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் அந்த 36ஆம் பக்கம். 'உங்கள் பணிகளை வியந்து பின்தொடர்ந்து வருகிறேன்' என்று அவர் எழுதவில்லை. நீங்கள் நிறுத்திய இடம் இது, நான் அங்கிருந்து பேசுகிறேன் என்கிறார். எழுதப்பட்டவருக்குத் தன் புத்தகத்தை ஒருவன் உண்மையிலேயே படித்திருக்கிறான் என்று தெரிய அந்த ஒரு எண் போதும். வேடிக்கை என்னவென்றால், பகா எண்கள் பற்றி ராமானுஜன் அங்கே சொன்னது தப்பு. ஹார்டியே பின்னால் அதை எழுதியிருக்கிறார். அந்த உரிமைகோரல் தப்பாக இருந்தும் கடிதம் வேலை செய்தது. மற்ற தேற்றங்களைப் பார்த்து முதலில் இது மோசடியோ என்று சந்தேகப்பட்ட ஹார்டி, லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்த பிறகு, இவை கற்பனையாக இட்டுக்கட்ட முடியாதவை என்ற முடிவுக்கு வந்தார். பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்பு என்று கேட்டார்.

'ஒரே கடிதம்' என்ற கதை இங்கேதான் உடைகிறது. ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதர்களுக்குப் போன கடிதங்களால் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் முன்னால் சென்னையில் ஒரு சங்கிலி இருக்கிறது. இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கிய ராமசாமி ஐயர், அவரிடமிருந்து சேஷு ஐயர், அங்கிருந்து நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், அவர் கொடுத்த மாத உதவி, பிறகு துறைமுக ஆபீஸில் நாராயண ஐயர், அவருக்கு மேலே சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். நோட்டுப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்றிருக்கிறார் ராமானுஜன். ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தச் சங்கிலியின் இந்தியப் பெயர்களைப் பார்த்தால் அது எந்தச் சமூகத்துக்குள் ஓடியது என்பதும் தெரியும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் உறவின்முறை அது. ஆபீஸ் வாசலில் 'யார் வீட்டுப் பிள்ளை?' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. இதைச் சொல்வதால் அவருடைய மேதைமை ஒரு மாற்றுக் குறையப்போவதில்லை. அதே மேதைமை அதே வருஷத்தில் சாத்தூர்ச் சேரியில் இருந்திருந்தால் ராமசாமி ஐயர் வீட்டு வாசல் வரை போயிருக்குமா என்று கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கடிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1913 பிப்ரவரி 27. எனக்கு முதல் கடிதத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஹார்டி நிரூபணம் கேட்டிருக்கிறார். ராமானுஜன் அதைக் கொடுக்காமல் வேறொன்றைக் கேட்கிறார். என் உழைப்பைப் பரிவோடு பார்க்கிற ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்கிறார். நான் அரைப்பட்டினிக்காரன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சோறு வேண்டும், உங்களிடமிருந்து ஒரு அனுசரணையான கடிதம் வந்தால் இங்கே உதவித்தொகை வாங்க உதவும் என்று நேராகக் கேட்கிறார். கெஞ்சல் இல்லை. தனக்கு என்ன வேண்டும், எதிராளியால் எதைச் செய்ய முடியும், அதை எங்கே காட்டினால் காரியம் ஆகும் என்று துல்லியமாகத் தெரிந்த ஒருவரின் எழுத்து. அந்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. துறைமுகத்தில் வாங்கியது 30. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த காகிதம் முதலில் பயன்பட்டது சென்னைக்குள்தான். தூரத்து ஆள் ஒருவர் பேசினால் பக்கத்து ஆள் திரும்பிப் பார்க்கிறார். கப்பல் ஏறியது அதற்கு ஒரு வருஷம் கழித்து, 1914 மார்ச் 17 அன்று.

இப்போது லிங்க்ட்இன் பக்கம் வாருங்கள். சாத்தூர்ப் பெண்ணுக்கு அவளுடைய படிப்பு மையம் ஒரு மாதிரிச் செய்தி கொடுத்திருக்கும். மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்ன படிப்பு படிக்கும் ஆர்வமுள்ள மாணவி, உங்கள் பயணம் என்னை ஈர்த்தது, இணைய விரும்புகிறேன். இதைச் செயற்கை நுண்ணறிவு இன்னும் வழவழப்பாக எழுதித் தரும். இலக்கிய விமர்சகனாக இந்த வடிவத்தைப் பார்த்தால், சுயவிவரம் மட்டும் இருந்து 36ஆம் பக்கம் இல்லாத கடிதம் அது. யாருக்கும் அனுப்பலாம் என்பதால் யாருக்கும் எழுதப்படாதது. பழைய ஸ்டேஷனரிக் கடைகளில் விற்ற கடிதம் எழுதும் முறைப் புத்தகங்களின் வாரிசு. அந்தப் புத்தகங்களிலாவது சிற்றப்பாவுக்கு எழுதுவது வேறு, மேலதிகாரிக்கு எழுதுவது வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

பெண் என்றால் இன்னொரு சுமையும் உண்டு. முன்பின் தெரியாத ஆணுக்கு எழுதினால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்தே தீர வேண்டும். பதிலில் துறை பற்றி ஒரு வரியும், புகைப்படம் பற்றி ஒரு வரியும் வரும் என்பதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். அதனால்தான் பலர் படத்துக்குப் பதிலாகப் பூ வைக்கிறார்கள். அதைப் பார்த்து 'தொழில்முறை நேர்த்தி இல்லை' என்று ஒருவர் தள்ளிவிட்டுப் போவார். ராமானுஜன் கதையில் இந்த அத்தியாயம் கிடையாது.

*

கரிசலுக்கென்று வேறொரு கடிதக் கதை இருக்கிறது. அதில் காரியம் கேட்கும் கடிதமே இல்லை என்பதுதான் அதன் அழகு.

இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டக் கோட்டை அழித்துவிட்டுப் பார்த்தால் சாத்தூரின் அதே கரிசல், அதே தீப்பெட்டி. அந்த ஒரே ஊரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். வேறு வேறு சாதி, ஒரே வயது, ஒரே பைத்தியம்: சங்கீதமும் இலக்கியமும். அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1950களில் மலேயா போய் 'தமிழ் நேசன்' நாளிதழில் ஆசிரியராக இருந்தார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத படிப்பு, நடுவில் காசநோய். இவர்களுக்கிடையே ஓடிய கடிதங்களில் அழகிரிசாமி எழுதியவை புத்தகமாகவே வந்திருக்கின்றன.

இவற்றைப் படிக்கும் இன்றைய மாணவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். உபயோகமான எதுவும் இல்லை. படித்தது, கேட்டது, ரசித்தது, ஊர்ச்சேதி, உடம்பு சவுகரியம். என்னுடைய வாசிப்பு இது: கி.ரா.வின் முதல் கதை 'மாயமான்' 1958இல் 'சரஸ்வதி'யில் வரும்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. அதுவரை அவர் 'எழுத்தாளர்' அல்ல. ஆனால் சென்னையில் என்ன எழுதுகிறார்கள், எதை மதிக்கிறார்கள் என்ற பேச்சுக்குள் வருஷக்கணக்காக இருந்திருக்கிறார். பருத்திக் காட்டில் இருந்துகொண்டே. குற்றாலத்தில் இருந்த ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்துக்குள்ளும் இரண்டு பேரும் இருந்தார்கள். ரசிகமணியும் பெரிய கடிதக்காரர். அவருடைய கடிதங்கள் ஒரு கம்பன் பாட்டுக்காக எழுதப்பட்டவை என்று சொன்னால் மிகை இல்லை. பட்டம் கொடுக்காத பல்கலைக்கழகம் அது. கடைசியில் கி.ரா. புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவே போனார் என்பது தனிக் கதை.

இந்த வலை என்ன செய்யும் என்பதற்கு 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஒரு வட்டாரத்தின் சொற்களை ஒரு பல்கலைக்கழகத் துறை தொகுக்க வேண்டியது. ஒரு விவசாயி தொகுத்தார், நண்பர்கள் கை கொடுத்தார்கள். அச்சில் கொண்டுவந்தது சிவகங்கையில் இருந்த கவிஞர் மீராவின் அன்னம் பதிப்பகம். சென்னை எதிலும் இல்லை. பின்னால் கோவில்பட்டியை மையமாக வைத்துக் கோணங்கி 'கல்குதிரை' நடத்தியதும், அவருடைய அண்ணன் தமிழ்ச்செல்வன் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியதும் இந்த வழியில்தான். தபால்காரர் ஒருவர் சிறுகதைக்காரராக இருப்பது கரிசலில் தற்செயலாகத் தெரியவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் 'அந்தக் காலம் போச்சே' என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். நான் விடப்போவதில்லை. அந்த வட்டங்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் பெருமூச்சு நின்றுவிடும். இடைசெவலில் இரண்டு பேரும் நேரில் பழகி வளர்ந்த பிறகுதான் கடிதம் தொடங்கியது என்பதும் உண்மை. முகம் பார்க்காமலே தொடங்கிய உறவுக்கு உ.வே.சாமிநாதையரிடம் போக வேண்டும். பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் அவருக்குத் தமிழிலேயே எழுதினார். இருவருக்கும் நடுவில் ஏட்டுச்சுவடி ஒன்று இருந்தது, எந்தச் சுவடி எங்கே கிடக்கிறது என்ற கவலை இருந்தது. ராமானுஜனுக்கு 36ஆம் பக்கம் மாதிரி. ஆளைப் பிடிக்கப் போனவர்கள் அல்ல அவர்கள். நடுவில் ஒரு பொருளை வைத்தார்கள், இரண்டு பக்கமும் இருந்து அதைப் பார்த்தார்கள்.

ஆன்லைன் படிப்பு தரத் தவறுவது அந்த நடுப்பொருளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானூறு பேருக்கு ஒரே ஒப்படைப்பு, ஒரே விடை, ஒரே நாள். ஒருவர் செய்தது இன்னொருவர் கண்ணில் படாமல் இருக்கக் காப்பியடிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். சாத்தூர்ப் பெண்ணிடம் இருக்கும் பொருள் வேறு. அவள் அப்பா பட்டாசு யூனிட்டில் வேலை பார்த்தவர் என்றால், மருந்து அறையில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கு விதி இருப்பதும், தீபாவளிக்கு முந்தின மாதங்களில் அந்த விதி என்ன ஆகிறது என்பதும் அவளுக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியும். அவளுடைய எம்.சி.ஏ. புராஜெக்டாக வருவதோ ஏதோ நூலக மேலாண்மை மென்பொருள். முப்பது வருஷமாக அதே நூலகம். மருந்து இருப்பையும் ஆள் வரவையும் கணக்கு வைக்கும் ஒரு சின்னச் செயலியை அவள் எழுதி, தொழிற்சாலைப் பாதுகாப்பில் வேலை செய்யும் ஒருவருக்கு அனுப்பினால், அந்தக் கடிதத்தில் எத்தனையாவது பக்கம் என்று அவளால் சொல்ல முடியும். அந்த ஒருவர் பதில் போடாமலும் போகலாம். பேக்கரும் ஹாப்சனும் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

தமிழ் நாவலில் இந்தப் பெண் இன்னும் வரவில்லை, நான் படித்த அளவில். அஞ்சல்வழியில் படித்த எத்தனையோ பேர் எழுத்தாளர்களாகவே இருந்தும், காண்டாக்ட் கிளாஸ் ஒரு கதையில்கூடச் சரியாக எழுதப்படவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். வெவ்வேறு வயதில், வெவ்வேறு வேலையில் இருக்கிற நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு மணிக்கு டீக்கு விடுவார்கள். கரஸில் ஆள் கிடைத்தது என்றால் அங்கேதான், டீக்கடையில், "நீங்க எந்த ஆபீஸ்?" என்று ஆரம்பித்து. அப்படி ஆரம்பித்த பழக்கத்தில் கல்யாணம் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். கேள்வி 'எந்தத் தெரு' என்று போகாமல் 'எந்த ஆபீஸ்' என்று நின்றதும், நின்ற மாதிரி இருந்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் தெருவுக்கே போனதும் இரண்டும் நடந்திருக்கிறது.